பினாங்கில் லோரி ஓட்டத் தொடங்குபவர் முதல் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலேசியாவில் கனரக லோரி ஓட்டுவதற்கான உரிமத்தை அரசு வழங்குகிறது. அதற்குரிய பாடங்களை ஓட்டுநர் பயிற்சி நிலையங்கள் நடத்துகின்றன. ஆனால் நாற்பது அடிக் கொள்கலனை இழுத்துக்கொண்டு கொட்டும் மழையில் பினாங்குப் பாலத்தைக் கடப்பது எப்படி, துறைமுக வாயிலில் நீட்டப்படும் தாளில் எதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது, நீண்ட இறக்கத்தில் எந்த இடத்தில் கியரைக் குறைப்பது ஆகியவற்றைக் கற்றுத்தருவதும் கற்றுத்தராமல் விடுவதும் புதிய ஓட்டுநர் முதன்முதலில் வேலைக்குச் சேரும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன. இந்த உண்மையை உரிமம் எடுக்கும் இளைஞர் பலரும் அவர்களுடைய குடும்பத்தாரும் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. எந்த நிறுவனம் மாதம் எவ்வளவு தருகிறது என்ற கேள்வியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. முதல் ஓராண்டைப் பொறுத்தவரை நிறுவனத்தை ஒரு பள்ளிக்கூடமாகவே கருதித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும், அப்படித் தேர்ந்தெடுப்பதற்கு வேண்டிய சான்றுகளில் பெரும்பகுதியை வெளியாள் ஒருவரே கண்ணால் கண்டும் கேட்டும் திரட்டிவிடலாம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

உரிமம் எதுவரை கற்றுத்தருகிறது

மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை, அதாவது மக்கள் வழக்கில் ஜேபிஜே, கனரக வாகனங்களுக்கு வழங்குவது ‘இ’ வகுப்பு உரிமமாகும். இதில் இ2, இ1, முழு இ என மூன்று படிகள் உள்ளன. சுமையேற்றாத நிலையில் 5,000 கிலோ வரை எடையுள்ள வாகனத்துக்கு இ2, 7,500 கிலோ வரை இ1, அதற்கு மேற்பட்டவற்றுக்கும் டிரெய்லர்களுக்கும் ஓட்டுநர்கள் ‘இ ஃபுல்’ என்று சொல்லும் முழு உரிமம் வேண்டும். அதோடு, வணிகச் சரக்கு வாகனம் ஓட்டுபவருக்கு ஜிடிஎல் எனப்படும் சரக்கு ஓட்டுநர் உரிமமும் தேவை. இதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும், தனி வகுப்பு ஒன்றிலும் கலந்துகொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் முடித்தவர் சட்டத்தின் பார்வையில் முழுத் தகுதி பெற்ற ஓட்டுநர். எனினும் பயிற்சி நிலையத்தில் அவர் ஓட்டியது பெரும்பாலும் சுமையில்லாத வாகனம். அதுவும் கோடு போட்ட வளாகத்திலும் பழகிய சில சாலைகளிலும் மட்டுமே. சுமையேற்றிய டிரெய்லரின் மொத்த எடை நாற்பது டன்னை நெருங்கும்போது பிரேக் பிடிக்கும் தூரமும் வளைவில் சாயும் தன்மையும் பின்சக்கரங்கள் உள்வாங்கித் திரும்பும் அளவும் முற்றிலும் மாறிவிடுகின்றன. அந்த மாற்றத்தை உடம்பு உணர்ந்து பழகுவதற்குத் தேர்வுத் தாளில் இடமில்லை.

பிற நாடுகள் இந்த இடைவெளியைப் பல வழிகளில் அடைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் பிறப்பித்த நெறிமுறைப்படி, தொழில்முறை லோரி ஓட்டுநர் உரிமத்தோடு தனியே தொழில் தகுதிச் சான்றும் பெற வேண்டும். அதன் பிறகும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 7 முதல், பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் தொடக்கப் பயிற்சி முடித்தவரே கனரக உரிமத் தேர்வுக்குச் செல்ல முடியும். அதற்குப் பின்னும் பெரிய நிறுவனங்கள் புதியவரை அனுபவசாலி ஒருவரோடு சில வாரங்கள் ஒரே வண்டியில் அனுப்பிய பிறகே தனி வண்டி தருகின்றன. தமிழ்நாட்டில் லோரித் தொழிலின் தலைநகராக விளங்கும் நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனம் ஓட்டுநர்களுக்கென்றே பயிற்சி நிலையம் நடத்துகிறது. பினாங்கிலும் 1989இல் தொழிற்சாலைகள் ஒன்றுகூடி ஊழியர் பயிற்சிக்காகப் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவின. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளில் உருவான பொருள்களைத் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் கொண்டுசேர்க்கும் ஓட்டுநர், தம் பயிற்சியை, வேலைக்குச் சேர்ந்த இடத்தில் எப்படிக் கிடைக்கிறதோ அப்படிப் பெறும் நிலையிலேயே இன்றும் இருக்கிறார்.

பினாங்கில் ஓடும் சரக்கும் அதன் வகைகளும்

எந்த வகைச் சரக்கு என்பதே எந்த வகைப் பயிற்சி என்பதைத் தீர்மானிப்பதால், நிறுவனத்தின் பெயருக்கு முன்னே சரக்கின் தன்மையை ஆராய்வது நல்லது. பினாங்குத் துறைமுகத்தின் கொள்கலன் முனையம் தீவில் இல்லை; எதிர்க்கரையில், வட பட்டர்வொர்த்தில் உள்ளது. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரமோ தீவின் தென்கிழக்கில் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைப்பவை 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலமும், 2014இல் பத்து காவானுக்கும் பத்து மாவுங்குக்கும் இடையே திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலமும் ஆகும். பிறை, சிம்பாங் அம்பாட், கூலிம் எனப் பெருநிலத்தில் பரவியுள்ள தொழிற்பேட்டைகளின் சரக்கும், பாடாங் பெசார் எல்லை வழியாக வரும் தென் தாய்லாந்து ரப்பரும் இதே துறைமுகத்தை நாடுகின்றன.

இந்தப் பரப்பில் புதியவருக்கு வாய்க்கும் வேலைகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, மூன்று டன், ஐந்து டன் லோரியில் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் விநியோக வேலை. ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்கள் குறுகலானவை. லெபோ பந்தாயிலும் லிட்டில் இந்தியாவிலும் காலையில் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, நடைபாதையில் போவோருக்கு இடையூறின்றிச் சரக்கு இறக்கிப் பழகியவருக்குக் கண்ணாடி பார்க்கும் பழக்கமும் பொறுமையும் தாமாகவே படிந்துவிடும் என்பதால் தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் அரிது. இரண்டாவது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலிருந்து விமானச் சரக்கை இரவோடு இரவாகக் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் நெடுந்தூர வேலை. விலையுயர்ந்த மின்னணுப் பொருள்கள் என்பதால் விதிமுறைகள் கடுமையாகவும் வண்டிகள் நல்ல நிலையிலும் இருக்கும், ஆனால் இரவுத் தூக்கத்தை முறைப்படுத்தத் தெரியாதவருக்கு இது உகந்ததன்று. மூன்றாவது, துறைமுகக் கொள்கலன் இழுவை. நான்காவது, மண்ணும் கல்லும் அள்ளும் டிப்பர். ஐந்தாவது, எரிபொருளும் இரசாயனமும் ஏற்றும் டாங்கர்.

டாங்கர் நிறுவனங்கள் பொதுவாக அனுபவமுள்ளவரையே எடுக்கும். பயிற்சியும் கண்டிப்பாக இருக்கும். எனவே சில ஆண்டுகளுக்குப் பின் எட்ட வேண்டிய இலக்காக அதை வைத்துக்கொள்ளலாம். டிப்பர் வேலையில் நிலைமை நேர்மாறானது. புதியவரை எளிதில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுவதால் அதிக சுமையும் அதிக வேகமும் அதிக வருமானமாக மாறுகின்றன, கற்றுக்கொள்ள வேண்டிய காலத்தில் தவறான பழக்கங்கள் கையில் ஏறிவிடுகின்றன. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலையேறி இறங்கும் துன் சார்டோன் சாலை போன்ற பாதைகளில் சுமையோடு போகும் வண்டியை, ஆறுமாத அனுபவமுள்ளவரிடம் துணையின்றி ஒப்படைக்கும் நிறுவனம் எத்தனை வெள்ளி கூடுதலாகத் தந்தாலும் புதியவர் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

கெலிண்டானாகத் தொடங்கிய தலைமுறை

முன்பெல்லாம் இந்தத் தொழிலைக் கற்கும் வழி ஒன்றே ஒன்றாக இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மூடப்பட்டும் வந்த காலத்தில் நகரத்துக்கு வந்த தமிழ் இளைஞர் பலர் லோரியில் கெலிண்டானாக, அதாவது ஓட்டுநரின் உதவியாளராக ஏறினார்கள். சரக்கு ஏற்றுவதும் தார்ப்பாய் கட்டுவதும் பின்னால் நின்று வழி சொல்வதும் டயர் மாற்றுவதும் அவர்களுடைய வேலையாக இருந்தன. ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகே, ஓட்டுநர் மனம் வைத்தால் ஸ்டீரிங் கைக்கு வந்தது. இம்முறையில் கற்றவர் வண்டியின் ஒவ்வொரு சத்தத்தையும் அறிந்திருந்தார், சுமை எப்படி நகரும் என்பதைக் கட்டியவர் என்ற முறையில் தெரிந்துவைத்திருந்தார். ஆனால் கற்றுத்தந்தவரிடம் இருந்த குறைகளும் அப்படியே இறங்கின. சீட்டு பெல்ட் அணியாமை, தூக்கத்தை விரட்டக் கெத்தும் நீர் குடிப்பது, கை பிரேக்கை நம்பாமல் சக்கரத்துக்குக் கல் வைப்பது என நல்லதும் கெட்டதும் பிரித்தறியப்படாமல் கைமாறின.

இன்று சரக்கு கொள்கலனுக்குள் பூட்டி வருவதால் டிரெய்லரில் கெலிண்டானுக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஓட்டுநர் தனியாகவே போகிறார். உரிமத்தைப் பயிற்சி நிலையத்தில் விரைவாக எடுத்துவிட முடிகிறது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் காலமோ மறைந்துவிட்டது. அந்தக் காலத்தை ஏதாவதொரு வடிவில் திரும்பத் தருகிற நிறுவனமே பயிற்சி தரும் நிறுவனம் என்ற பெயருக்குத் தகுதியுடையது. எனவே நேர்காணலில் புதியவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மூத்த ஓட்டுநர் ஒருவரோடு எத்தனை வாரம் ஒரே வண்டியில் போக வேண்டியிருக்கும், அந்த வாரங்களுக்குச் சம்பளம் உண்டா, தனியாகப் போகத் தயார் என்று முடிவு செய்பவர் யார் என்பதாகும். இதற்குத் தெளிவான பதில் கிடைத்தால் அங்கே ஒரு முறை இருக்கிறது என்று பொருள்; “லைசன் இருக்குல்ல, நாளைக்கே வண்டி எடு” என்பது பதிலாக வந்தால் அங்கே பயிற்சி என்பதே இல்லை என்று முடிவு கட்டிவிடலாம்.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும்

பயிற்சியின் தரத்தை மதிப்பிட, பிரைம் மூவரோடு டிரெய்லரை இணைக்கும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் போதும். பிரைம் மூவர் என்பது இழுக்கும் முன்பகுதி; அதன் பின்புறத்தில் ‘ஃபிஃப்த் வீல்’ எனப்படும் இரும்புத் தட்டு இருக்கிறது. டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ‘கிங்பின்’ ஏறக்குறைய இரண்டு அங்குலம் தடிமனுள்ள எஃகு முளை. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அது தட்டின் பிளவுக்குள் நுழைய, தாடை போன்ற பூட்டு அதைக் கவ்விக்கொள்கிறது. பார்ப்பதற்கு அத்துடன் வேலை முடிந்ததாகவே தோன்றும். முறையாகக் கற்றவரோ இறங்கி, டார்ச் விளக்கை அடித்துத் தட்டுக்கும் டிரெய்லருக்கும் இடையே வெளிச்சம் தெரியாமல் ஒட்டியிருக்கிறதா, தாடை முளையை முழுவதும் சுற்றிப் பிடித்திருக்கிறதா, பூட்டின் கைப்பிடி உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். காற்றுக் குழாய்களையும் மின்கம்பியையும் மாட்டுவார். டிரெய்லரின் பிரேக்கைப் பிடித்தபடியே சிறிய கியரில் வண்டியை மெல்ல முன்னால் இழுத்துப் பூட்டு நிற்கிறதா எனச் சோதிப்பார். அதன் பின்பே தாங்குகால்களைச் சுழற்றி மேலேற்றுவார். கொள்கலனின் நான்கு மூலைகளிலும் உள்ள ‘டுவிஸ்ட் லாக்’ என்னும் திருகுபூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகே இருக்கையில் ஏறுவார். ஒரு பூட்டு திறந்திருந்தாலும் வளைவில் கொள்கலன் டிரெய்லரை விட்டுப் பெயர்ந்து பக்கத்தில் வரும் காரின்மேல் சாயக்கூடும்.

இந்த வேலை முழுவதற்கும் சில நிமிடங்களே ஆகும். அந்த நிமிடங்களை ஓட்டுநருக்கு விட்டுக்கொடுக்கும் நிறுவனமா, கைப்பேசியில் அழைத்து “இன்னும் கிளம்பலையா” என்று விரட்டும் நிறுவனமா என்பதே கேட்டறிய வேண்டியது. டிப்போ வாசலிலோ பக்கத்து உணவுக்கடையிலோ தேநீர் குடிக்கும் ஓட்டுநரிடம், “அண்ணே, புதுசா சேர்ந்தவங்களுக்கு யாரு கத்துக்குடுக்குறாங்க?” என்று மரியாதையாகக் கேட்டால், அலுவலகம் சொல்லாத விவரங்கள் பலவும் வெளிவரும்.

இறக்கத்தில் ஓட்டுவதும் இப்படிக் கற்பிக்கப்பட வேண்டிய கலையே. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் கோலாகங்சாருக்கும் ஈப்போவுக்கும் இடையே மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டியுள்ள இறக்கங்களில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே போனால் உராய்வுச் சூட்டில் பிரேக் டிரம் விரிந்து, லைனிங்கின் பிடிமானம் தளர்ந்து, மிதிக்க மிதிக்க வண்டி நிற்காத நிலை ஏற்படுகிறது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் பிரேக்கால் வேகத்தை அடக்கி, கால் பிரேக்கைத் தேவைப்படும்போது மட்டும் பயன்படுத்துவதே இதற்கு வழி. இதைக் காகிதத்தில் படித்தவருக்கும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து “இப்போ குறை” என்று சொல்லிக் கேட்டவருக்கும் உள்ள வேறுபாடு அந்த இறக்கத்தில்தான் வெளிப்படும்.

டிப்போவில் கண்ணால் காணக்கூடியவை

மலேசியாவில் ஒவ்வொரு சரக்கு லோரியும் தன்னைப் பற்றிய சில உண்மைகளைத் தன் உடம்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. பிடிஎம் (BTM) என்பது சுமையில்லாத எடை; அதன் பக்கத்தில் உள்ள, அதைப் போன்றே ஒலிக்கும் மற்றொரு குறியான பிடிஎம் (BDM), அதாவது ‘பெராட் டெங்ஙான் முவாத்தான்’, சுமையோடு கூடிய அனுமதி எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வண்டி சட்டப்படி எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும். உரிமத்தின் வகையும் எழுதப்பட்டிருக்கும். தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்றும் நிறுவனத்துக்கு ‘ஏ’ உரிமமும் சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றும் நிறுவனத்துக்கு ‘சி’ உரிமமும் வழங்கப்படுகின்றன. கதவில் ஒரு நிறுவனத்தின் பெயரும், சம்பளம் தருபவராக வேறொருவரும் இருந்தால், பெர்மிட் வாடகைக்கு விடப்பட்டிருக்கிறதோ என்று ஐயப்பட இடமுண்டு. அத்தகைய இடத்தில் விபத்து நேர்ந்தால் முதலாளி யார் என்பதை நிறுவுவதே ஓட்டுநரின் குடும்பத்துக்குப் பெரும்பாடாகிவிடும்.

அடுத்து டயர்களைப் பார்க்கலாம். செலுப் டயர் என்று வழங்கும் மறுவார்ப்பு டயரைப் பின் அச்சுகளில் பயன்படுத்துவது பரவலான வழக்கம். முன் அச்சிலும் அதையே மாட்டியிருந்தாலும், ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தாலும், பராமரிப்புக்குச் செலவிட மனமில்லாத நிறுவனம் அது என்பது விளங்கும். வேகக் கட்டுப்படுத்தி வேலை செய்கிறதா என்பதும் முக்கியம். 2025 அக்டோபர் 1 முதல் கனரக வாகனங்களுக்கு இக்கருவி செயல்படுவதை உறுதிப்படுத்தும் விதி கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஜிபிஎஸ் கருவி எல்லா நிறுவனங்களிலும் பேசப்படும் பொருளாகிவிட்டது. அதன் பதிவைக் கொண்டு புதியவரை உட்காரவைத்து எங்கே வேகம் கூடியது, எங்கே பிரேக் திடீரென விழுந்தது என்று விளக்கும் நிறுவனம் அதைப் பாடநூலாக ஆக்குகிறது, வண்டி நின்ற நிமிடங்களை எண்ணி அதட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தும் நிறுவனம் அதே கருவியால் ஓய்வைப் பறிக்கிறது.

சம்பளச் சீட்டில் மறைந்திருப்பது

லோரித் தொழிலில் அடிப்படைச் சம்பளம் சிறியதாகவும், ‘டிரிப்’ பணம் எனப்படும் நடைக்கூலி பெரியதாகவும் இருப்பது வழக்கம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. பல ஓட்டுநர்களின் கைக்கு வருவது அதைவிட மிகுதி. ஆனால் கைக்கு வருவது எவ்வளவு என்பதைக் காட்டிலும் சீட்டில் ஏறுவது எவ்வளவு என்பதே நெடுநாள் நோக்கில் எடை மிகுந்த கேள்வி. ஊழியர் சேமநிதிக்கு 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சம்பளத்தில் ஊழியர் 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் செலுத்த வேண்டும். சொக்சோ என்று நாம் வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், வேலையில் காயமடைந்து ஓட்ட முடியாமல் இருக்கும் காலத்துக்குப் பதிவான சம்பளத்தில் 80 விழுக்காட்டைத் தருகிறது. ஒருவர் உண்மையில் 4,000 வெள்ளி ஈட்டி, பதிவில் 1,700 மட்டும் இருந்தால், கால் முறிந்து வீட்டில் கிடக்கும் மாதத்தில் அவருக்குக் கிடைப்பது 3,200 வெள்ளிக்குப் பதில் 1,360 வெள்ளியாகச் சுருங்கிவிடும். ஆகவே டிரிப் பணம் சீட்டில் காட்டப்படுகிறதா, அதற்கும் சந்தா கட்டப்படுகிறதா என்று கேட்பது பேராசையன்று. குடும்பத்துக்குச் செய்யும் கடமை.

நேரக் கணக்கும் சம்பளக் கணக்கின் ஒரு பகுதியே. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தபோது வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் அரைமணி ஓய்வின்றி வேலை வாங்கக்கூடாது என்பதும் அச்சட்டத்தின் விதி. துறைமுக வாயிலிலும் தொழிற்சாலை முற்றத்திலும் வரிசையில் காத்திருக்கும் மணிநேரங்கள் இந்தத் தொழிலின் பெரும்பகுதி என்பதால், காத்திருப்புக்குப் பணம் உண்டா என்பதைத் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது இல்லாத இடத்தில் இழந்த நேரத்தை நெடுஞ்சாலையில் வேகத்தால் ஈடுகட்டும் ஆசை எழுவது இயல்பு.

பிடித்தங்களும் கவனத்துக்குரியவை. கொள்கலனை எடுக்கும்போதும் திருப்பி ஒப்படைக்கும்போதும் அதன் நிலையைக் குறிக்கும் ஒப்படைப்புச் சீட்டு ஒன்றில் ஓட்டுநர் கையெழுத்திடுகிறார். எடுக்கும்போதே இருந்த நசுங்கலையும் ஓட்டையையும் அதில் குறிக்கத் தவறினால், அந்தச் சேதம் அவர் காலத்தில் நேர்ந்ததாகக் கருதப்படும். இதைக் கற்றுத்தராமலேயே சேதத்துக்குச் சம்பளத்தில் கைவைக்கும் நிறுவனங்கள் உண்டு. எதையெல்லாம் பிடிக்கலாம் என்பதை வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது; முதலாளி நினைத்தபடியெல்லாம் பிடித்துவிட முடியாது.

உரிமச் செலவும் ஒப்பந்தப் பத்திரமும்

முழு இ உரிமமும் ஜிடிஎல்லும் எடுக்கச் சில ஆயிரம் வெள்ளி ஆவதால், அந்தச் செலவை ஏற்றுக்கொண்டு, பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கும் நிறுவனங்கள் வசதி குறைந்த குடும்பத்து இளைஞருக்குக் கைகொடுப்பவையாக இருக்கலாம். பத்திரம் என்றாலே தீங்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை உண்மையான செலவுக்கு ஏற்றதாக இருக்கிறதா, வேலை செய்த மாதங்களுக்கேற்ப அது குறைந்துகொண்டே வருமா, நிறுவனமே வேலையை விட்டு நீக்கினால் அல்லது மருத்துவக் காரணத்தால் ஓட்ட முடியாமல் போனால் கடன் ரத்தாகுமா, அடையாள அட்டையையோ உரிமத்தையோ பிணையாக வாங்கிவைத்துக்கொள்கிறார்களா என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஆம் என்பது பதிலானால் அங்கே கையெழுத்திடக்கூடாது.

நிறுவனத்தின் செலவில் பயிற்சி என்பது முழுவதும் அதன் கொடையும் அன்று. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட முதலாளிகள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்கு, அதாவது எச்ஆர்டி கோர்ப் அமைப்புக்கு, லெவியாகக் கட்டுகிறார்கள். பயிற்சிச் செலவுக்கு அந்த நிதியிலிருந்து பணம் கோர அவர்களுக்கு வழியிருக்கிறது.

மறுக்க இடமுள்ள நிறுவனம்

2025 மே 13 அன்று பேராக்கின் தெலுக் இந்தானில், கல் ஏற்றிய லோரி ஒன்று கலகத் தடுப்புக் காவல் படையினரின் வாகனத்தோடு மோதியதில் ஒன்பது காவலர்கள் உயிரிழந்தார்கள். அதை ஆராய்ந்த பணிக்குழு, லோரியில் ஏற்றியிருந்த மிகைச் சுமையையும் ஸ்டீரிங் அமைப்பின் கோளாறையும் சுட்டிக்காட்டியது. சுமையேற்றுவதும் பராமரிப்பதும் நிறுவனத்தின் ஏற்பாட்டில் நடக்கின்றன. ஆனால் விபத்து நடக்கும் கணத்தில் ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பவர் ஓட்டுநர், குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பவரும் அவரே. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவிப்பதற்குச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆம் பிரிவு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

ஆகையால், “இந்த வண்டியை இன்று எடுக்க மாட்டேன்” என்று ஓட்டுநர் சொன்னால் என்ன நடக்கும் என்பதே நிறுவனத்தை அளக்கும் கடைசி அளவுகோல். சட்டம் இப்போது அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையிலுள்ள தொழில் பாதுகாப்பு, ஆரோக்கியச் சட்டத் திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து முதலாளி அதைச் சரிசெய்யாதபோது, அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை ஊழியருக்கு அளிக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற நிலையையும் அது கொண்டுவந்திருக்கிறது. அந்த ஒருங்கிணைப்பாளர் யார் என்று நேர்காணலிலேயே கேட்கலாம். பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும் நிறுவனத்தில், பிரேக் காற்று கசிகிறது என்று புதியவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பது உறுதியாகும்.

முதல் ஓராண்டில் மாதத்துக்குச் சில நூறு வெள்ளி குறைவாகக் கொடுத்தாலும், மூத்தவரோடு ஏற்றிவிட்டு, சீட்டில் முழுச் சம்பளத்தையும் காட்டி, சந்தேகத்துக்குரிய வண்டியை நிறுத்திவைக்க அனுமதிக்கும் நிறுவனத்தில் சேர்ந்தவர், அடுத்த ஆண்டு எந்த டிப்போவுக்கும் தலைநிமிர்ந்து செல்லும் தகுதியைப் பெறுகிறார். அதன்பின் கூலியைப் பேசும் பலமும் அவரிடமே இருக்கும். இந்தத் தேர்வை இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரின் தலையில் மட்டும் சுமத்திவிடுவது நியாயமாகாது. உரிமக் கட்டணத்துக்கு உதவும் ஆலயங்களும் அரசு சாரா அமைப்புகளும் பணத்தைக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரை உடன் அனுப்பி டிப்போவைப் பார்த்துவரச் செய்யலாம், பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்யலாம், முதல் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பார்க்கலாம். பினாங்கில் இதற்கு வேண்டிய அனுபவம் தமிழ் ஓட்டுநர்களிடம் நிறையவே இருக்கிறது. அதை முறைப்படுத்தி அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்க ஓர் அமைப்பு முன்வந்தாலே பல வீடுகளின் கவலை குறையும்.